கூலன்ட் வெப்ப சென்சாரை மாற்றிய அனுபவம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தார் பகிர்கிறார்கள்

தர்மபுரியிலிருந்து:

சேலத்திலிருந்து ஊர் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என்னுடைய பத்தாண்டு பழைய பெட்ரோல் கார் கொதித்து நின்றது. ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்தும் வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி சில மாதங்களாக 12 மட்டுமே கொடுத்ததும், ஃபேன் முன்போல் அடிக்கடி சுழலாததும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை அளப்பது இந்த சென்சார். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று அது சொன்னால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் அதை நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும்; ஃபேனையும் தாமதமாகவே ஓடவிடும்.

புதிய சென்சார் வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்தக் கணினியில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை இணைத்தபோது, கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் 24 டிகிரி என்று ஒத்திருந்தன. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டின்மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 94 டிகிரி என்றது. ஸ்கேனரோ 79 என்றது. குளிர்ந்த நிலையில் சரியாகவும் சூட்டில் தவறாகவும் சொல்லும் சென்சாரை எப்படிப் புரிந்துகொள்வது என்று அன்று மாலை வரை குழம்பியிருந்தேன்.

மறுநாள் காலை, இன்ஜின் முற்றிலும் ஆறியிருந்தபோது, கூலன்டைப் பாத்திரத்தில் கொஞ்சம் வடித்துவிட்டு, டீப் சாக்கெட் போட்டு சென்சாரைக் கழற்றினேன். அதன் பித்தளை முனை கண்ணுக்கே தெரியவில்லை. அரிசி மாவைப் பூசிக் காயவைத்ததுபோல் வெண்படிவு மூடியிருந்தது; அது இறங்கும் குழியிலும் பழுப்புச் சேறு அடைத்திருந்தது. ஓடிவரும் சூடான கூலன்ட் முனையைத் தொடவே வழியில்லை. முந்தைய ஆண்டுகளில் கூலன்ட் குறைந்தபோதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பியது நான்தான். எங்கள் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் நாம் அறிந்தவை. ஆனால் ரேடியேட்டருக்குப் பகை அந்த ஃபுளோரைடு அன்று. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெண்மைதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது.

பழைய சென்சாரையும் புதியதையும் ஒரே பாத்திரத்து வெந்நீரில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். இதன் முனைக்குள் இருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் இருக்கும். தன் வண்டிக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வதே சரி. புதியது சில நொடிகளில் இறங்கி நின்றது; பழையதோ ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தயங்கித் தயங்கி இறங்கியது. ஆனால் வினிகரில் ஊறவைத்துப் படிவை நீக்கிய பின் பழையதும் புதியதைப்போலவே அளவு காட்டியது. சென்சார் கெடவே இல்லை. தன் முனையைத் தொட்டுக்கொண்டிருந்ததன் வெப்பத்தை அது உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. எனினும் புதியதையே புது ஓ-ரிங்குடன் பொருத்தினேன்; குழியைச் சுத்தம் செய்து, ரேடியேட்டரைக் காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசி, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினேன்.

ஓசூரிலிருந்து:

ஐயா, முனையைத் தொடுவதன் வெப்பத்தைத்தான் அது சொல்லும் என்று நீங்கள் எழுதியதை நான் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். என் வண்டியில் சென்சாரின் கழுத்தில் கசிவு இருந்ததால் அதை வீட்டிலேயே மாற்றினேன். கூலன்டை நிரப்பி, மூடியை மூடி, உடனே சூளகிரிப் பக்கம் புறப்பட்டுவிட்டேன். மார்கழிக் காலைக் குளிரில் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றே வந்தது. வெப்பமுள்ளோ திடீரென மேலேறிப் பிறகு தானாகவே கீழிறங்கியது. புதிய சென்சார்தான் தரமற்றது என்று எண்ணிக் கடைக்காரரிடம் வாக்குவாதமே செய்துவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

உண்மையில் சென்சாரைக் கழற்றிய துளை வழியாகப் புகுந்த காற்று, தெர்மோஸ்டாட் கூட்டின் உச்சியில் குமிழாகத் தங்கிவிட்டது. கூலன்டுக்குப் பதில் காற்றும் ஆவியும் முனையைச் சூழ்ந்திருந்தால் அளவு எப்படி நிலைக்கும்? ஆறிய வண்டியை முகப்பு மேலிருக்குமாறு சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ்கள் வந்து அடங்கும் வரை கூலன்டைச் சிறிது சிறிதாக ஊற்றினேன். அதன் பிறகு முள் அசையவில்லை. காற்றை வெளியேற்றத் தனித் திருகு உள்ள வண்டிகளில் இது இன்னும் எளிது.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். சூடான வண்டியில் மூடியையோ சென்சாரையோ யாரும் தொட வேண்டாம். மூடி தாங்கும் அழுத்தத்தில் வெறும் நீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணத்தில் அத்தனையும் முகத்தில்தான் பாயும்.

பாலக்கோட்டிலிருந்து:

நான் தக்காளி மண்டி வேலையாக ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவன். என் அனுபவத்தில் சென்சார் இரண்டு முறை மாற்றப்பட்டது. இரண்டு முறையும் அது தேவையில்லாத செலவு. சாவியைத் திருப்பிய கணத்திலிருந்தே ஃபேன் ஓயாமல் ஓடியது. சூடான வண்டியை அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் கரும்புகையுடன் திணறியது. பட்டறையில் ஸ்கேனர் பி 0118 என்ற பிழைக்குறியீட்டைக் காட்டியதும், அது சென்சாருக்கான குறியீடு என்று சொல்லி மாற்றிவிட்டார்கள். அந்தக் குறியீடு சென்சார் கெட்டது என்று சொல்வதில்லை. சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. கம்பி அறுந்தாலும் அதே குறியீடுதான் வரும்; அளவை நம்ப முடியாது என்று கண்டால் பல வண்டிகளில் இசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிட்டுவிடும்.

மாரண்டஹள்ளியில் உள்ள ஒரு முதிய எலக்ட்ரீஷியன்தான் வழி காட்டினார். ஸ்கேனர் அப்போது மைனஸ் 40 டிகிரி என்றது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அப்படி ஓர் அளவு வந்தால் அது கூலன்டின் வெப்பமாக இருக்கவே முடியாது என்றார். கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். கம்பிகள் நன்றாக இருந்தால் அளவு உச்சத்துக்குத் தாவ வேண்டும். என் வண்டியில் மைனஸ் 40 அசையவே இல்லை. கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி எலி கடித்த கம்பி, உறைக்குள் பச்சை பூத்து அறுந்திருந்தது. அதை இணைத்துப் பற்றவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

தர்மபுரியிலிருந்து மீண்டும்:

அண்ணா, அந்த இணைத்துப் பார்க்கும் சோதனையை நான் அறிந்திருக்கவில்லை, மிக்க நன்றி. ஒற்றைக் கம்பி சென்சார் உள்ள பழைய வண்டிக்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன்: அதற்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான் என்பதால், கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் முள் வேலை செய்யாமல் போகலாம். வடித்த கூலன்டை மண்ணில் ஊற்றிவிடாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். அதில் உள்ள கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருக்கும். நாயோ ஆடோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சென்ற ஞாயிறு ஸ்கேனரை இணைத்தபடியே தொப்பூரில் ஏறினேன். ஏற்றத்தின் நடுவில் 97 டிகிரியைத் தொட்டதும் ஃபேன் ஓடத் தொடங்கியது. மேலே வந்து சேர்ந்தபோது 91க்கு இறங்கியிருந்தது.