நெருக்கமாக முளைத்த லெட்டூஸ் நாற்றுகளைச் சேதமில்லாமல் பிரித்து நடுவது எப்படி?

கேள்வி: தளிர்வனம்

அனைவருக்கும் வணக்கம். ஆழமில்லாத தட்டு ஒன்றில் லெட்டூஸ் விதைகளைத் தூவியிருந்தேன். விதை மிகவும் நுண்ணியது என்பதால் ஓரிடத்தில் கொத்தாகவும் இன்னோரிடத்தில் வெறுமையாகவும் விழுந்து முளைத்திருக்கிறது. விதையிலிருந்து முதலில் வரும் வித்திலைகள் இரண்டும் நன்றாக விரிந்துவிட்டன. அவற்றின் நடுவில் முதல் இலை சிறுவிரல் நகத்தின் அளவுக்கு வந்திருக்கிறது. கொத்தின் உட்புறம் உள்ளவை வெளிச்சம் போதாமல் வெளிறி, தண்டு நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஓரத்தில் இருந்த ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வேர் மண்ணிலேயே தங்கிவிட, தண்டு மட்டும் கையோடு வந்துவிட்டது.

இவற்றை இப்போதே பிரிக்க வேண்டுமா, இன்னும் சில இலைகள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பிரித்தவற்றை நேரடியாகப் பாத்தியில் நடலாமா, அல்லது சிறிய தொட்டியில் ஒருமுறை வளர்த்துவிட்டு நட வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வேர்முனை

வணக்கம் நண்பரே. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரிப்பதற்கு இதுவே ஏற்ற பருவம். இப்போது ஒவ்வொரு நாற்றுக்கும் மெல்லிய நூல் போன்ற ஒரே வேர்தான் இருக்கும். அதிலிருந்து கிளைவேர்கள் பரவத் தொடங்கிவிட்டால் பக்கத்து நாற்றின் வேரோடு பின்னிக்கொள்ளும், அதன்பின் எவ்வளவு பொறுமையாகப் பிரித்தாலும் அறுபடுவது மிகுதியாகும். ஆகவே மூன்றாவது, நான்காவது இலைக்குக் காத்திருக்க வேண்டாம்.

நாற்றை மேலிருந்து இழுக்கவே கூடாது. கீழிருந்து தூக்க வேண்டும். ஓரிரு மணி நேரத்துக்கு முன்பே தட்டை நனைத்துவிடுங்கள். மண் சேறாகவும் இருக்கக் கூடாது, பொடியாக உதிரவும் கூடாது; பிடித்தால் சேர்ந்து, தட்டினால் உடையும் பதத்தில் இருந்தால் போதும். பிறகு தேக்கரண்டியின் காம்பையோ தட்டையான குச்சியையோ கொத்தின் அடியில் நன்கு ஆழமாக விட்டு, மண்ணோடு சேர்த்துக் கொத்தை மொத்தமாகத் தூக்கி ஒரு தட்டில் சாய்த்து வையுங்கள். பாதி நாற்றுகள் தாமாகவே விலகிவிடும். ஒட்டிக்கொண்டிருப்பவற்றை ஆழமில்லாத தண்ணீரில் வைத்து லேசாக அசைத்தால் மண் கரைந்து வேர்கள் தளர்ந்துகொடுக்கும்.

கையாளும்போது வித்திலையின் நுனியை மட்டும் பிடியுங்கள். வித்திலை ஒன்று கிழிந்தாலும் நாற்று பிழைத்துக்கொள்ளும். வேர்நுனி சற்று அறுந்தாலும் புதிய கிளைவேர்களை விட்டுக்கொள்ளும். தண்டு நசுங்கினால் மட்டும் அதற்கு மாற்றே இல்லை, ஏனெனில் வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் வழி அந்த ஒன்றுதான். விரல்களுக்கிடையே தண்டைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டாலே நாற்றுச் சேதம் பெருமளவு குறைந்துவிடும்.

புதிய மண்கலவையில் பென்சில் பருமனுக்கு ஒரு குழி இட்டு, வேர் மடங்காமல் நேராகத் தொங்கும்படி இறக்குங்கள். வேர் மிக நீண்டிருந்தால் மடித்துத் திணிப்பதைவிட நுனியைச் சிறிது கிள்ளிவிடுவதே மேல். மண்ணை விரலால் அழுத்த வேண்டாம். மெல்லிய துளைகள் உள்ள பூவாளியால் தண்ணீர் விட்டால் மண் தானாக வேரோடு படிந்துகொள்ளும். இவற்றையெல்லாம் நிழலில் செய்யுங்கள். ஒரே மூச்சில் எத்தனை நட முடியுமோ அத்தனையை மட்டுமே வெளியே எடுங்கள். வெறும் வேர் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும்.

மறுமொழி: கீரைப்பாத்தி

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் தண்ணீரில் அலசுவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நீரை உறிஞ்சுபவை வேரின் மேல் உள்ள மிக நுண்ணிய வேர்த்தூவிகள். மண்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் அவை, மண் கழுவப்படும்போது பெரும்பாலும் அறுந்துபோகின்றன. தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் போன்றவை கலந்த பொலபொலப்பான கலவையில் வளர்ந்த நாற்றுகள் தண்ணீரின்றியே பிரிந்துவிடும். களிமண் கலந்து இறுகியிருந்தால் மட்டும் அலசுங்கள்.

இன்னொன்று, முளைத்த எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று எண்ண வேண்டாம். தண்டு குட்டையாகவும் இலை அகலமாகவும் நிறம் அழுத்தமாகவும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துப் பிரித்து நடுங்கள். இறுகப் பின்னிய கொத்துகளில் நல்லது ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை மண்மட்டத்தில் சிறிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் அருகில் உள்ளதன் வேரும் அசையும், வெட்டினால் அசையாது. வெட்டியவற்றைக் கழுவி அப்படியே உண்ணலாம், வீணாகாது.

அடுத்த முறை குழித்தட்டில் குழிக்கு இரண்டு மூன்று விதைகள் இட்டு, முளைத்தபின் ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் பிரிக்கும் வேலையே இருக்காது. லெட்டூஸ் விதை முளைக்க வெளிச்சம் துணைசெய்யும் என்பதால் மேலே மண்ணை மிக மெல்லியதாகவே தூவ வேண்டும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை முளைப்பு நன்றாக இருக்கும். 30 டிகிரியை நெருங்கினால் பல வகைகளின் விதைகள் முளைக்காமல் உறக்கத்துக்குப் போய்விடும்.

கேள்வியாளர்: தளிர்வனம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கொத்தைத் தண்ணீரின்றிப் பிரித்துப் பார்த்தேன், நன்றாகவே பிரிந்தது. ஆழத்தைப் பற்றித்தான் ஐயம் தீரவில்லை. தண்டு நீண்ட நாற்றுகளைக் கழுத்துவரை புதைக்கலாம் என்று சிலரும், புதைத்தால் அழுகிவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி: பசுங்குருத்து

இரண்டுமே சரிதான், அவை வெவ்வேறு கட்டங்களுக்கு உரியவை. இப்போது பிரித்துச் சிறிய தொட்டிக்கு மாற்றும்போது, நீண்ட தண்டை வித்திலைகளுக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணுக்குள் இறக்கலாம். அது தண்டு சாயாமல் நிற்க உதவும். ஆனால் தக்காளியைப் போலப் புதைந்த தண்டு முழுவதும் வேர்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வித்திலையோ அதன் நடுவில் உள்ள குருத்தோ மண்ணில் படவே கூடாது. லெட்டூஸின் எல்லா இலைகளும் அந்த ஒரே குருத்திலிருந்து அடுக்கடுக்காக வருபவை. அங்கே ஈரமண் தங்கினால் அழுகல் தொடங்கும்.

நான்கைந்து இலைகள் வந்தபின் பாத்திக்கு மாற்றும்போது இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியின் மேல்பகுதி பாத்தியின் மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு நூலளவு உயரமாகவோ இருக்கட்டும். இலைவகைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், உருண்டையாகத் திரளும் வகைக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. பாத்திக்கு மாற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம் வெயிலையும் காற்றையும் நாளுக்கு நாள் சிறிது கூட்டிப் பழக்குங்கள். தொட்டியிலேயே அதிக நாள் விட்டுவைப்பதும் தவறு. வேர் நெருக்கடியும் வெப்பமும் சேர்ந்தால் செடி இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டு எழுப்பிவிடும், இலையும் கசந்துபோகும்.

வெயில் தாழ்ந்தபின் நடுங்கள். நட்டவுடன் தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் (நாற்று வேர்பிடிக்க விடும் இரண்டாம் தண்ணீர்) கொடுத்து, முதல் சில நாட்களுக்கு நிழல்வலை போடுங்கள். நடுக்குருத்தில் புதிய இலை தெரிந்தால் நாற்று வேரூன்றிப் பச்சை பிடித்துவிட்டது என்று பொருள். அதுவரை உரம் எதுவும் வேண்டாம். வெளிப்புற இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது இயல்பு.

நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே துவண்டிருந்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே பழுப்பாகி நூல் போல் இளைத்திருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, மற்ற தொட்டிகளுக்கு மேலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்தி அடித்தட்டு வழியாக ஊறவிடுங்கள். அதிக நீரைத் தேங்கவிடாமல் வடித்து, தொட்டிகளுக்கு இடையே காற்று புகும்படி இடைவெளி விட்டு வையுங்கள்.