படம் முடிந்தும் காதை விட்டுப் போகாத சத்தம்

மழைக்காகம்:
‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள், அதனால் கதைக்குள் போகவில்லை. அந்த ஃபர் கோட்டுக் காட்சியை மட்டும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். ஆஷ்விட்ஸ் தளபதியின் மனைவி ஹெட்விக் கண்ணாடி முன்னால் நின்று கோட்டைப் போட்டுப் பார்க்கிறாள். இப்படித் திரும்புகிறாள், அப்படித் திரும்புகிறாள். பைக்குள் கையை விட்டால் ஒரு லிப்ஸ்டிக். இன்னொருத்தி உபயோகித்தது. அதையும் எடுத்து உதட்டில் தடவிப் பார்க்கிறாள். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரி என்ன ஆனாள் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அது தளபதியின் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதை முகாம். உள்ளே நடக்கும் கொலைகளை கேமரா காட்டுவதே இல்லை, எல்லாம் காதில்தான் விழுகிறது. 2024இல் ஒலிக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தபோது விருதுச் செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது துணிக்கடையில் யாராவது கண்ணாடி முன் நின்றால்கூட அந்தக் காட்சி வந்து நிற்கிறது.

தறிச்சத்தம்:
எனக்கு ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’. டிரம்மர் ரூபனுக்குக் காது போய்விடுகிறது, காது கேளாதோர் வாழும் இடத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே ஒரு சறுக்கு மரம், தகரத்தில் செய்தது. ரூபன் அதைக் கையால் தட்டுகிறான். சறுக்கின் மறுபக்கம் இருக்கும் பையன் அந்த அதிர்வை உடம்பால் வாங்கிக்கொண்டு, திருப்பித் தட்டுகிறான். இருவருக்கும் ஒன்றும் கேட்காது, ஆனால் தாளம் போய்ப் போய் வருகிறது. பவர்லூம் ஊரில் வளர்ந்தவன் நான். தறி ஓடும்போது தரையில் காலை வைத்தாலே அது தெரியும், காது வேண்டியதில்லை. அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அந்த இடத்தை நடத்தும் ஜோவாக வரும் நடிகர் பால் ரேசியின் பெற்றோர் காது கேளாதவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் கைமொழி பேசுவதில் ஏன் அத்தனை இயல்பு என்று அப்போது புரிந்தது.

தனிக்காட்டுராஜா:
மழைக்காகம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கோட்டுக் காட்சி கண்ணுக்கானது. அந்தப் படத்தின் உயிர் தளபதியின் சின்னப் பையனின் அறையில் இருக்கிறது. தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். வெளியே ஒரு கைதியை ஆப்பிளுக்காகச் சண்டை போட்டதற்குத் தண்டிக்கிறார்கள். பையன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறான். அப்புறம் “இனிமேல் அப்படிச் செய்யாதே” என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறான். யாருக்குச் சொல்கிறான்? அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

இன்னொரு விஷயம், இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு. டிவி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நம் வீடுகளில் ஃபேன் சத்தமே பாதியைத் தின்றுவிடும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் அதை மாட்டுங்கள். டிவியில் சத்தத்தைத் தானாகச் சமன்படுத்தும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்தப் படத்தில் தூரம்தான் எல்லாமே. தூரத்தில் கேட்க வேண்டியது பக்கத்தில் கேட்டால் படமே போச்சு. போனில் பார்ப்பதாக இருந்தால் பார்க்காமலே இருங்கள். முக்கியமாக, வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் வையுங்கள். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலைப் போட்டால் ‘தூரத்தில் துப்பாக்கிச் சத்தம்’, ‘அலறல்’ என்று கீழே எழுதிக் காட்டிவிடும். நீங்களே கேட்டு, இது என்ன என்று திடுக்கிட வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? யாரும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கல்யாணி_72:
தனிக்காட்டுராஜா சார், “யாரும்” என்று எழுதாதீர்கள். என் அப்பாவுக்கு வயதாகிக் காது மந்தம். அவரோடு அந்தப் படத்தை அந்த சப்டைட்டிலை வைத்துத்தான் பார்த்தேன். வயதில் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். ‘ச’, ‘ப’ எல்லாம் நழுவிப்போகும், பேச்சு புரியாது. அடித்தொண்டைச் சத்தம் மாதிரி தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை ஓரளவு கேட்கும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஹெட்விக்கின் தோட்டம், பூ, குழந்தைகள். அப்பா திடீரென்று என்னைப் பார்த்து, “மாடியில தண்ணி ரொம்பிடுச்சு போல, மோட்டார் ஓடுதே, போய் நிறுத்தும்மா” என்றார். மோட்டார் ஓடவில்லை. படத்தில் சுவருக்கு அப்பால் விடாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த உறுமல்தான் அது. நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. “அப்பா, அது படத்துல வர்ற சத்தம்” என்றேன். “என்ன சத்தம்?” என்று கேட்டார். அதற்கு எப்படிப் பதில் சொல்வது? கீழே எழுத்து வந்தது, படித்துக்கொண்டார். அப்புறம் படம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் என்று எழுத்தில் படித்தால் அதிர்ச்சி குறையும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் முகத்தைப் பார்த்தவள் நான், குறையவில்லை.

ரயிலடி:
சத்தம் என்றதும் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை? அதிலும் ஹெட்விக்காக நடித்த அதே சாண்ட்ரா ஹுல்லர்தான். 2023 கான் விழாவில் முதல் விருதான தங்கப் பனை இதற்கு, அடுத்த பெரிய விருதான கிராண்ட் பிரி ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’டுக்கு. புருஷன் செத்ததற்குப் பெண்டாட்டி மேல் வழக்கு, கோர்ட்டில் அவர்கள் சண்டையின் ஒலிப்பதிவைப் போடுகிறார்கள். காட்சி அவர்கள் சமையலறைக்குப் போகிறது, இருவரும் பேசிப் பேசி முற்றுகிறது. கை கலக்கிற நேரத்தில் இயக்குநர் ஜஸ்டின் ட்ரியே நம்மைத் திரும்பவும் கோர்ட்டுக்குள் தள்ளிவிடுகிறார். இப்போது வெறும் சத்தம்தான். ஏதோ உடைகிறது, யாரோ அடிக்கிறார்கள். யார் யாரை? கோர்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. பார்வை மங்கிய மகனும் கேட்கிறான். எங்கள் ஸ்டோர் வீட்டில் பக்கத்து ரூமிலிருந்து ராத்திரி இப்படித்தான் கேட்கும். காலையில் அந்த அக்கா ஒன்றும் நடக்காதது மாதிரி குழாயடியில் நிற்பார். யார் மேல் தப்பு என்று தெருவே தீர்ப்புச் சொல்லும், ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

தனிக்காட்டுராஜா:
கல்யாணி மேடம், உங்கள் அப்பாவுக்கு அது தேவை, சரி. நன்றாகக் காது கேட்பவர்களுக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

தறிச்சத்தம்:
கல்யாணி அக்கா பக்கம்தான் நான். ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ இயக்குநர் டேரியஸ் மார்டரின் பாட்டிக்குக் காது கேட்காமல் போனது. படங்களில் எழுத்து போட வேண்டும் என்று அந்தப் பாட்டி குரல் கொடுத்தவர். அதனால் பேரன் தன் படத்தைத் திரையிலேயே எழுத்தோடு காட்ட வைத்தார், காது கேட்பவர்களுக்கும் சேர்த்து. ஒலிக்கான ஆஸ்கரும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அக்கா, அப்பாவை அடுத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.