பெரிய வீட்டுக் குழு: செல்வியின் லேப்டாப்பில் ஒரு அப்டேட்

செவ்வாய்

மீனா: [படம்]

மீனா: செல்வி குளிக்கப் போயிருக்கிறாள். அவள் லேப்டாப்பில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது, அப்டேட் என்று போட்டிருக்கிறது. அமுக்கிவிடவா?

முரளி: அமுக்குங்க அத்தை. வந்தால் போட்டுவிட வேண்டியதுதானே.

கவிதா: சித்தி, கையை எடுங்கள்! அவள் வரட்டும்.

கவிதா: முரளி, உன் போனில் அப்டேட் சொதப்பினால் நீ கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அது என்விடிஏ.

சண்முகம்: என்விடிஏவா? வருமான வரி சம்பந்தப்பட்டதா?

கவிதா: இல்லை மாமா. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள், ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். செல்வி மெயில் பார்ப்பது, எக்செல் போடுவது எல்லாம் அதை வைத்துத்தான்.

செல்வி: வந்துவிட்டேன். அம்மா, எதையும் தொடவில்லையே? நீங்கள் போட்ட படத்தை என் போன் "போட்டோ" என்று மட்டும் சொல்கிறது. லேப்டாப்பிடமே கேட்டுக்கொண்டேன், 2025.1 வந்திருக்கிறதாம்.

மீனா: தொடவே இல்லை தாயே. கவிதா போட்ட சத்தத்தில் அடுக்களைக்கே வந்துவிட்டேன்.

செல்வி: "பிறகு நினைவூட்டு" கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆன்லைன் இன்டர்வியூ. அது முடிகிற வரை இந்தப் பக்கமே போகமாட்டேன்.

முரளி: இரண்டு நிமிட வேலைக்கு இத்தனை பயமா?

செல்வி: போடுவது இரண்டு நிமிடம்தான். அப்போதுகூடப் பேச்சு நிற்காது. தற்காலிகப் பிரதி ஒன்று சின்ன இசையோடு தொடங்கி, அதுவே எல்லாவற்றையும் படித்துக்காட்டும். வம்பு அதற்கு அப்புறம். ஆண்டின் முதல் பதிப்பு, அதாவது .1 என்று முடிவது, உள்ளே பலதை மாற்றிவிடும். ஆட்-ஆன்கள், அதாவது வெளியாட்கள் எழுதிய துணை நிரல்கள், புதிதற்கு ஏற்றபடி திருத்தப்படாவிட்டால் முடங்கும். அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடித்து ராத்திரியில் உட்கார்ந்து இலவசமாக எழுதுகிறவர்கள். அவர்களுக்கும் நேரம் வேண்டாமா? 2024.2, 2024.3 மாதிரி நடுவில் வருகிறவற்றில் இந்தத் தொல்லை கிடையாது, வந்த அன்றே போட்டுவிடுவேன்.

கவிதா: நடுப்பதிப்பிலும் ஒரு முறை நடந்தது. என்விடிஏ எழுதப்பட்ட கணினி மொழி பைத்தான், 2019.3-ல் அதன் 2-ஐ விட்டு 3-க்குப் போனார்கள். எழுதியவர் கைவிட்டுப் போன ஆட்-ஆன்களுக்கு அதோடு சரி.

முரளி: முடங்கும் என்று முன்கூட்டியே சொல்லாதா?

செல்வி: சொல்லும். இன்னின்ன ஒத்துவராது, முடக்கப்படும், புரிந்தது என்று டிக் செய்தால்தான் மேலே போகவிடும். 2023.2-ல் ஆட்-ஆன் ஸ்டோர் வந்த பிறகு, ஒத்துவராததையும் வலுக்கட்டாயமாக ஓட்ட வழி இருக்கிறது. ஓடினாலும் ஓடும், என்விடிஏவையே சாய்த்தாலும் சாய்க்கும். இன்டர்வியூ வாரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

முரளி: சரி சரி, வாபஸ்.

பாலு: இப்போதுதான் எல்லாம் படித்தேன். செல்வி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பார்வையற்றவர் ஒருவர் இருக்கிறார், நல்ல வேலைக்காரர். போன மாதம் மேலிடத்தில் எங்கள் சாப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். எங்களுக்குப் பளபளவென்று இருக்கிறது. அவருக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கிறதாம். எதை அமுக்கினால் சேமிக்கும், எதை அமுக்கினால் அழிக்கும் என்று பக்கத்து சீட்டில் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்.

செல்வி: ஐயோ. பட்டனுக்குப் பெயர் எழுதாமல் வெறும் படத்தை வைத்திருப்பார்கள் சின்ன மாமா. பெயரே இல்லாததை ஸ்கிரீன் ரீடர் எப்படிப் படிக்கும்? எங்கள் அப்டேட்டையாவது தள்ளிப்போடலாம். மற்றவர்கள் போடுகிற அப்டேட் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கிவிடும்.

பாலு: புகார் கொடுத்தார். "எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறதே" என்று பதில் வந்தது.

செல்வி: "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அப்படித்தான் வரும். எந்தப் பக்கம், டேப் அடித்துப் போனால் எந்த இடத்தில், என்ன கேட்கிறது, என்ன கேட்டிருக்க வேண்டும், இத்தனையும் எழுதச் சொல்லுங்கள். என்விடிஏ பதிப்பு எண், பிரவுசர் பதிப்பு எண் இரண்டும் கட்டாயம். பழைய பதிப்பு வைத்திருந்தால் "முதலில் அப்டேட் செய்யுங்கள்" என்று அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

கவிதா: எழுதியவர்களுக்கு அது பட்டனுக்கு ஒரு வரி வேலை. ஸ்கிரீன் ரீடருக்காகப் பட்டனுக்கு எழுதுகிற பெயரை "ஏரியா-லேபிள்" என்பார்கள். புகாரில் அந்தச் சொல்லைப் போடச் சொல்லுங்கள் சின்ன மாமா, உடனே புரியும்.

பாலு: நாளைக்கே நானும் கூட உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதன்

சண்முகம்: செல்வி, என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாருக்குக் கிளாக்கோமா. பேப்பர் படிக்க முடியவில்லை என்று வருத்தப்படுகிறார். நீ சொன்ன மென்பொருள் என்ன விலை?

செல்வி: ஒரு பைசா கிடையாது மாமா. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-ல் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. ஜாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது காசு கொடுத்து வாங்குவது.

சண்முகம்: தமிழ் படிக்குமா?

செல்வி: படிக்கும், மெனுவே தமிழில் வரும். விண்டோஸில் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் வள்ளுவர் படிப்பார்.

சண்முகம்: எந்த வள்ளுவர்?

செல்வி: மைக்ரோசாப்ட் அந்தக் குரலுக்கு வைத்திருக்கிற பெயரே அதுதான் மாமா.

சண்முகம்: பலே! வாத்தியாரிடம் இதைச் சொன்னாலே பாதி வருத்தம் போய்விடும். ஆனால் நீ கேட்கிற வேகம் அவருக்கு ஆகாது. அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது கடுகு பொரிகிற மாதிரி இருந்தது, ஒரு சொல் பிடிபடவில்லை.

செல்வி: அது ஈஸ்பீக். இயந்திரக் குரல்தான், ஆனால் எவ்வளவு விரட்டினாலும் எழுத்து சிதையாது. அவர் வள்ளுவரை மெதுவாக வைத்துப் பழகட்டும். அவர் கம்ப்யூட்டரில் என்ன விண்டோஸ்?

சண்முகம்: பையன் அமெரிக்கா போகும்போது வைத்துவிட்டுப் போனது. விண்டோஸ் 7.

செல்வி: அதில் 2023.3 வரிசையோடு நிற்க வேண்டும். 2024.1-லிருந்து குறைந்தது விண்டோஸ் 8.1 வேண்டும். அதைவிட, அதில் வள்ளுவர் வரமாட்டார். அவரை நம்பிப் படிக்கப்போகிறவருக்கு அது சரிவராது.

கவிதா: என்னுடைய பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது மாமா, விண்டோஸ் 11 இருக்கிறது. அவருக்கே கொடுத்துவிடலாம்.

சனி

மீனா: நேற்று நன்றாகப் பேசினாளாம். ரிசல்ட் வந்தால் சொல்கிறோம்.

முரளி: வாழ்த்துகள் செல்வி! இப்போதாவது அமுக்கலாமா?

செல்வி: காலையிலேயே போட்டாயிற்று. போடுவதற்கு முன் பழைய பதிப்பையும் என் அமைப்புகளையும் அப்படியே பென்டிரைவில் ஒரு போர்ட்டபிள் பிரதியாக எடுத்துவைத்தேன். புதிது தகராறு செய்தால் அதைச் செருகி வேலையைப் பார்க்கலாம்.

செல்வி: அம்மா, நீங்களும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப் எப்போதாவது பேச்சே இல்லாமல் நின்றால், கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். விண்டோஸோடு வருகிற நேரேட்டர் பேசத் தொடங்கும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

மீனா: எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன்.

முரளி: ஆட்-ஆன் எல்லாம் பிழைத்ததா?

செல்வி: ஒன்றுக்கு ஸ்டோரிலேயே புதுப் பதிப்பு தயாராக இருந்தது. இன்னொன்று முடங்கித்தான் கிடக்கிறது, எழுதியவருக்கு மெயில் போட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பதிப்பில் ரிமோட் உள்ளேயே வந்துவிட்டது, முன்பு அதற்குத் தனி ஆட்-ஆன் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சாவிச் சொல்லைக் கொடுத்தால் போதும், அந்தக் கம்ப்யூட்டர் பேசுவது எனக்கு இங்கே கேட்கும், நான் தட்டுவது அங்கே போகும்.

சண்முகம்: அப்படியானால் வாத்தியாருக்கு நீ வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுக்கலாமா?

செல்வி: தாராளமாக. முதல் நாள் மட்டும் முரளி பக்கத்தில் இருக்கட்டும். வைஃபை போடுவது, தமிழ்க் குரலை இறக்குவது, அனுமதி கேட்கும்போது "ஆம்" சொல்வது, இவ்வளவுதான் அவன் வேலை. மவுஸை அவர் கண்ணில் காட்டவே வேண்டாம், விசைப்பலகையிலேயே பழகட்டும்.

முரளி: உத்தரவு. லேப்டாப் எப்போது வரும் கவிதா?

கவிதா: வியாழன் ராத்திரி பஸ்ஸில் பாலு மாமா வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். சார்ஜர் இன்னொரு பையில் இருக்கும், பஸ்ஸிலேயே விட்டுவிடாதீர்கள் மாமா.

பாலு: அதெல்லாம் விடமாட்டேன். அப்புறம் செல்வி, புகாருக்குப் பதில் வந்துவிட்டது. எந்தெந்த பட்டன் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள்.

செல்வி: கேட்டார்களா! அவரை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், சேர்ந்தே பட்டியல் போடுகிறோம்.