ரோமானிய அரசிகளின் பளிங்குத் தலைகள்: பெயரை எதை வச்சு சொல்றாங்க?

வைகைக்கரையான்: ரோமில் கேபிடோலின் அருங்காட்சியகத்துல பேரரசர்கள் கூடம் பார்த்தேன். அரசிகளோட தலைகள்ல பேரே பொறிக்கலை. ஆனா கீழே பலகையில் ‘ப்ளோட்டினா’, ‘ஃபௌஸ்டினா’ன்னு உறுதியா எழுதியிருக்காங்க. மூக்கு, முகவாய் வச்சா?

செப்புக்காசு: மூக்கை நம்பாதீங்க. பல தலைகள்ல உடைஞ்ச மூக்கைப் பிற்காலச் சிற்பிகள் ஒட்டியிருக்காங்க. துப்பு காசுலதான். காசுல பெயரும் இருக்கும், பக்கவாட்டு முகமும் இருக்கும். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் மனைவி இளைய ஃபௌஸ்டினாவுக்குக் காசுகளை வச்சே ஒன்பது வகை உருவங்களைப் பிரிச்சிருக்காங்க. வகைக்கு வகை தலைமுடி மாறும்.

ஜடைக்கடை அக்கா: மணப்பெண் அலங்காரம்தான் என் தொழில், அதனால நான் முகத்தையே பார்க்கிறதில்லை தம்பி! முதல் பேரரசர் அகஸ்டஸ் மனைவி லிவியான்னா நெற்றிக்கு மேல முடியைச் சுருட்டி ஒரு முடிச்சு. கி.பி. 200 வாக்குல ஆண்ட பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் மனைவி ஜூலியா டோம்னான்னா நடு வகிடு, காதை மூடி இறங்குற அலை, பின்னாடி அகலமா தட்டைக் கொண்டை.

ஆனா ஊர்ப் பணக்காரிகளும் அரசியைப் பார்த்து அதே மாதிரி பின்னிக்கிட்டாங்க, சிக்கல் அங்கதான். அதே கூடத்துல நெற்றிக்கு மேல சுருள் சுருளா கோபுரம் வச்ச ஒருத்தி இருக்காளே, ஃபொன்செக்கா சிலைன்னு பேரு. துளைக்கருவியால ஒவ்வொரு சுருளுக்குள்ளயும் குடைஞ்சிருக்கான் சிற்பி. அவ்வளவு ஜோடனை, ஆனா அவ யாருன்னு சொல்ல ஆதாரமில்லை.

வைகைக்கரையான்: பார்த்தேன் அக்கா! அதெல்லாம் சவுரிதானே?

ஜடைக்கடை அக்கா: ஆராய்ச்சிக்காரங்க பலர் அப்படித்தான் சொன்னாங்க. அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜேனட் ஸ்டீவன்ஸ்னு ஒரு முடி அலங்காரக்காரி, வால்டர்ஸ் அருங்காட்சியகத்துல டோம்னா தலையைப் பின்பக்கமா பார்த்துட்டு, ‘இது சொந்த முடியிலயே முடியுமே’ன்னு செஞ்சு பார்த்தாங்க. ஊசி நூலால பின்னலைத் தலையோட தைக்கிறது. கொண்டை ஊசியில நிக்காத கனம் தையல்ல நிக்கும். 2008ல தொல்லியல் ஆய்விதழ்லயே கட்டுரை வந்துச்சு. நானும் அவங்க கட்சிதான். ஆனா டோம்னா காலத்துத் தலைகள் சிலதுல, கன்னத்தோரம் சொந்த முடி தனியா எட்டிப் பார்க்குது. அங்க சவுரிதான்னு ஒத்துக்கணும்.

செப்புக்காசு: காலம் கணிக்கக் கண்ணையும் பாருங்க. பேரரசர் ஹேட்ரியன் காலம் வரைக்கும் கண்மணியை வெறும் வண்ணத்தால தீட்டினாங்க, வண்ணம் போனதும் விழி மொழுக்குன்னு ஆயிடுச்சு. சுமார் கி.பி. 130க்கு அப்புறம் உளியாலயே குடைஞ்சாங்க. ஃபொன்செக்கா பெண்ணுக்குக் கண் மொழுக்கு. டோம்னாவுக்குக் குடைஞ்சிருக்கும்.