14க்கு 12 அறையில் பேஸ் கும்முது: ஈக்யூவா, சோபாவை நகட்டவா?

வண்ணார்பேட்டை வாசி:
அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. டவர் ஸ்பீக்கர் ரெண்டும் 12 அடிச் சுவர் பக்கம், சோபா எதிர்ச்சுவரை ஒட்டி. தவில்ல தொப்பிப் பக்கம் விழுந்தா ‘கும்’முன்னு அறையிலயே நிக்கி. ஈக்யூ (ஹெர்ட்ஸ் வாரியா ஒலியை ஏத்தி இறக்குறது) போட்டாப் போதுமா, சுவர்ல ஃபோம் ஒட்டணுமா?

பொருநை டிஎஸ்பி:
ஃபோமை விடுங்க. நம்ம ஊர்ச் சூட்டுல ஒலி நொடிக்கு சுமார் 1147 அடி போகும். அதை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 41 ஹெர்ட்ஸ், நீளவாக்குல அறை ஒத்ததிர்ற இடம். அகலத்துக்கு 48, உயரத்துக்கு 57. 41 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே 7 அடி, ஒரு இஞ்ச் ஃபோம் அதை என்ன செய்யும்? ஒரு யூமிக்-1 மைக் (யூஎஸ்பி அளவீட்டு மைக்), ரூம் ஈக்யூ விசார்ட் (அறை ஒலியை அளக்குற மென்பொருள், இலவசம்). இடது, வலது தனித்தனியா ஸ்வீப் (கீழ் ஹெர்ட்ஸ்ல இருந்து மேல வரை ஏறுற சோதனை ஒலி) எடுங்க. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ மேடு எங்க இருக்கோ அங்க மட்டும் வெட்டுங்க. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல கேக்குறவங்களுக்கு அந்த வெட்டைப் போட ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருள் போதும்.

பாளை பஞ்சுமெத்தை:
அண்ணாச்சி, சோபா எங்க கிடக்குன்னு பாக்காமலே ஈக்யூவுக்குத் தாவிட்டீங்களே. சுவரை ஒட்டி உக்காந்தா 41, அதோட ரெண்டு மடங்கு 82, மூணு மடங்கு 123, மூணும் உச்சத்துல கேக்கும். சரி நடுவுல உக்காருவோம்னா 41-ம் 123-ம் காணாமப் போயிரும். பின்சுவர்ல இருந்து 5 அடி 4 இஞ்சுல தொடங்கி, அரையடி முன்னப்பின்ன நகட்டிப் பாக்கணும்.

அடுத்து பள்ளம், அதாவது சில ஹெர்ட்ஸ் மட்டும் அமுங்கிப் போறது. ஊஃபர் (பேஸ் தர்ற கோன்) முகம், ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கிற முன்சுவர்ல இருந்து 2 அடியில இருந்தா 143 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். சுவர்ல பட்டுத் திரும்புற அலை நேர் அலையைத் தின்னுரும். அங்கன 10 டெசிபல் ஏத்தினா ஆம்ப் 10 மடங்கு வாட் தள்ளணும். திரும்புற அலையும் கூடவே ஏறும். பள்ளம் பள்ளமாத்தான் கிடக்கும்.

பொருநை டிஎஸ்பி:
ஏத்தச் சொன்னது யாரு? வெட்டுன்னுல்லா சொன்னேன்.

பாளை பஞ்சுமெத்தை:
வெட்டினா சத்தம் குறையும், இழுவை (‘கும்’முன்னு நீண்டு நிக்கிறது) குறையாதே.

பொருநை டிஎஸ்பி:
குறையும். கீழ ஹெர்ட்ஸ்ல மேடும் இழுவையும் ஒரே ஒத்ததிர்வுல இருந்து வருது. ஃபில்டரோட (ஈக்யூல போடுற வெட்டோட) ஹெர்ட்ஸும் கியூவும் (வெட்டு எவ்வளவு குறுகல்ங்கிறது) மேட்டோட பொருந்துனா, அந்த இருக்கையில இழுவையும் சுருங்கும். ஒவ்வொரு ஹெர்ட்ஸும் எப்படி அடங்குதுன்னு காட்டுற வாட்டர்ஃபால் படத்துல பாத்துக்கிடலாம். கியூ தப்புனாத்தான் பேஸ் மெலிஞ்சு இழுவை மட்டும் மிஞ்சும்.

பாளை பஞ்சுமெத்தை:
‘அந்த இருக்கையில’ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பக்கத்து நாற்காலிக்காரருக்கு அந்த வெட்டு பொருந்தாது. அப்புறம் 300-க்கு மேல உங்க ஃபில்டர் கையாலாகாது. கை தட்டுங்க, டைல்ஸும் சுவரும் ‘டர்ர்’னு திருப்பி அடிக்கும். பத்தமடைப் பாய் விரிச்சா அழகா இருக்கும், மெல்லிசு, ஒலிக்கு ஒண்ணும் ஆகாது. பக்கச்சுவர்ல கண்ணாடியை நகட்டிக்கிட்டே போனா, சோபாவுல இருந்து ஸ்பீக்கர் தெரியுற இடம் வரும். அங்க 4க்கு 2 அடி, 4 இஞ்ச் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) பலகை வைங்க, சுவர்ல இருந்து 2 இஞ்ச் விட்டு. மேல ஊதுனா மூச்சு உள்ள போற பருத்தித் துணி. ரெக்சின் போட்டா உயர்சுருதி திரும்பி வந்துரும்.

தென்காசிச் சாரல்:
ரெண்டு பேரும் எப்படி அளக்கணும்னு சொல்லாம விட்டுட்டீங்க. ஃபேனை நிறுத்துங்க. ஜன்னல் பாட்டு கேக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். திறந்தா பேஸ் வெளிய ஒழுகி மேடு மாறும். திறந்து கேக்கிறவர் ஆடிக்காத்துல மட்டும் அளக்காதீங்க, மைக்ல காத்தும் ஏறிரும். மைக்கைக் கூரை பாத்து நிறுத்துனா 90 டிகிரி கேலிப்ரேஷன் ஃபைலைத்தான் (மைக்கோட பிழையைச் சரிக்கட்டுற ஃபைல்) ஏத்தணும். தலை இருக்கிற இடத்தைச் சுத்தி ஓரடிக்குள்ள அஞ்சாறு இடம் எடுத்து சராசரி போடுங்க.

வண்ணார்பேட்டை வாசி:
வாசல் இருக்கதால சோபாவை 2 அடிக்கு மேல இழுக்க முடியாது.

பொருநை டிஎஸ்பி:
2 அடிக்கே 123 ஹெர்ட்ஸ் 13 டெசிபல் இறங்கும், 82 நாலு. 41 ஒண்ணே ஒண்ணுதான் இறங்கும். அதுக்கு என் ஃபில்டர்தான் வரணும்.

பாளை பஞ்சுமெத்தை:
சரி, 41-ஐ நீங்க வச்சுக்கிடுங்க. ஆனா சோபாவை இழுத்த பொறவு அளந்து போடுங்க, முந்தி அளந்த ஃபில்டர் 82-ஐயும் 123-ஐயும் ரெண்டாந்தடவை வெட்டிரும்.