ட்வின் 115, ஃபுல் கொடுத்தாலும் ஏறல. எந்த கிப்பாஸ் (புரொப்பெல்லர்) போடலாம்?

பத்துமாவுங்_தூண்டில்:
வணக்கம். அவசரம். போட் 23 அடி ஃபைபர், ட்வின் யமஹா 115 குதிரைசக்தி இன்ஜின். ரெண்டு மாசமா இழுக்கவே மாட்டேங்குது. மேலே எழும்ப ரொம்ப நேரம் ஆகுது, வேகமும் இல்ல. நாலு பிளேடு ஸ்டெயின்லெஸ் போட்டா சரியாகும்னு ஜெட்டியில சொல்றாங்க. சனிக்கிழமை ஆளுங்களோட பினாங்குல பூலாவ் கெண்டி தீவு பக்கம் போறேன், அதுக்குள்ள வாங்கணும். என்ன சைஸ்?

ஸ்பேனர்12:
ஃபுல் திராட்டில்ல ஒவ்வொரு இன்ஜினும் எவ்வளவு ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து)? இப்போ மாட்டியிருக்கற கிப்பாஸ் என்ன நம்பர்? ஜிபிஎஸ்ல வேகம் எத்தனை நாட்? இந்த மூணும் இல்லாம யாராலயும் சைஸ் சொல்ல முடியாது பாஸ்.

ஐஸ்பெட்டி:
எத்தனை பேர் ஏறுவாங்க, ஐஸ் எவ்வளவு, மீன் தொட்டியில தண்ணி எவ்வளவு? 200 லிட்டர் பெட்ரோலே கிட்டத்தட்ட 150 கிலோ.

தெக்கோங்_60:
வருஷம் முழுக்க இதே கேள்விதான் வருது. அளவெடுக்காம சட்டை தைக்கச் சொல்ற மாதிரி. தம்பி, முதல்ல பிட்ச்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. 17 பிட்ச்னா ஒரு சுத்துக்கு 17 அங்குலம் முன்னால போகணும்னு கணக்கு. தண்ணியில அவ்வளவு போகாது, வழுக்கும். பிட்ச்சை ஒரு அங்குலம் குறைச்சா 150லேருந்து 200 ஆர்பிஎம் கூடும். பிட்ச் கூட இருந்தா இன்ஜின் மூச்சு வாங்கும். ஃபுல் கொடுத்தும் கம்பெனி சொன்ன ரேஞ்சுக்கு வராத இன்ஜினை அப்படியே ஓட்டினா பிஸ்டன் சூடாகும், கரி கட்டும்.

இரட்டை_இன்ஜின்:
அண்ணே சொல்றது சரி. ஆனா அவர் "ரெண்டு மாசமா"ன்னு சொல்றார். கிப்பாஸ் தானா பிட்ச் மாறாது. ரெண்டு மாசத்துக்கு முன்னால என்ன மாத்தினீங்க?

பத்துமாவுங்_தூண்டில்:
இடது 4700, வலது 5000. 24 நாட். ஆறு பேர், ஐஸ் பெட்டி ரெண்டு. கிப்பாஸ் 17, அலுமினியம். வேற ஒண்ணும் மாத்தல. ஒரு தடவை கட்டையில அடிச்சு இடது கிப்பாஸ் மட்டும் பெங்கெல்ல (பட்டறையில) மாத்தினாங்க, அவ்வளவுதான்.

ஸ்பேனர்12:
அதுதானே கேட்டோம். இடது கிப்பாஸ்ல வெட்டியிருக்கற நம்பரைப் போய்ப் பாருங்க. பிளேடுலயோ நடுவுல இருக்கற ஹப்லயோ 13 1/4 × 17ன்னு இருக்கணும். முதல் எண் விட்டம், ரெண்டாவதுதான் பிட்ச். உப்பு படிஞ்சு தெரியலன்னா பிரஷ் போட்டுத் தேச்சுப் பாருங்க.

கணக்கும் போட்டுடறேன். உங்க இன்ஜின் கியர் விகிதம் 2.15. ஆர்பிஎம் × பிட்ச், அதை 2.15 × 1215ஆல வகுத்தா நாட். 4850 × 17 போட்டா 31.6 வருது. நீங்க ஓடறது 24. அதாவது 24 சதவீதம் வழுக்கல். இந்த மாதிரி போட்டுக்கு 15, 18ன்னா ஒத்துக்கலாம். 24ன்னா அடியில ஏதோ இருக்கு.

உப்புக்காத்து:
தெரித்திப், அதான் அடியில ஒட்டற சிப்பி. போட் தண்ணியிலயே கட்டிக் கிடக்குதா? சில வாரத்துல சிப்பி பிடிச்சிடும். கிப்பாஸ் பிளேடுல நகக்கண் அளவு சிப்பி ஒட்டினாலே ஆர்பிஎம் விழும். முதல்ல அடியைச் சுரண்டுங்க, கிப்பாஸ் அப்புறம்.

ஐஸ்பெட்டி:
எனக்கு இன்ஜின் உயரம்தான் சந்தேகம். ஒவ்வொரு இன்ஜினும் நிக்கற இடத்துல அடித்தட்டுக்கு நேரா பலகை வெச்சுப் பாருங்க. கிப்பாஸ்க்கு மேல இருக்கற தட்டு அந்தப் பலகைக்கு நேராவோ ஒரு அங்குலம் மேலயோ இருக்கணும். கீழ இருந்தா இழுவை. திரும்பும்போது இன்ஜின் கத்துதா?

பத்துமாவுங்_தூண்டில்:
ஆமா, வேகமா வளைச்சா ஒரு இன்ஜின் கத்தும்.

தெக்கோங்_60:
கேவிட்டேஷன்.

இரட்டை_இன்ஜின்:
இல்லண்ணே, அது காத்து வாங்கறது. கேவிட்டேஷன்னா பிளேடு மேல அழுத்தம் குறைஞ்சு தண்ணியே கொதிச்சு குமிழியாகறது. அந்தக் குமிழி வெடிச்சு வெடிச்சு பிளேடைப் பொத்தல் போடும். வளைக்கும்போது போட் உள்பக்கம் சாயும், வெளிப்பக்க இன்ஜின் மேலே வரும், காத்தைப் பிடிக்கும். வளைக்கறதுக்கு முன்னால ட்ரிம்மை (இன்ஜின் சாய்வை) கொஞ்சம் உள்ளே இழுத்தா போதும்.

தெக்கோங்_60:
பேர் எதுவானாலும் பிடிப்பு போச்சு. தம்பி, ரெண்டு கிப்பாஸையும் இடம் மாத்தி மாட்டிப் பாருங்க. குறை கூடவே போனா கிப்பாஸ், போகலன்னா இன்ஜின்.

ஸ்பேனர்12:
நிறுத்துங்க!! ட்வின்ல ஒண்ணு எதிர்ச்சுத்தா இருந்தா மாத்தவே கூடாது. முன் கியர் போட்டா பின்னால தள்ளும். பின்னால நின்னு பாருங்க, முன் கியர்ல கடிகாரம் சுத்தற பக்கம் சுத்தினா வலச்சுத்து. பொதுவா அது வலது இன்ஜின், இடதுல எதிர்ச்சுத்து. அப்படி இருந்தா கிப்பாஸை விடுங்க, மீட்டர் வயரை மட்டும் மாத்திப் பாருங்க. மீட்டரே பொய் சொல்லலாம்.

தெக்கோங்_60:
எதிர்ச்சுத்துன்னு அவர் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நானும் மாத்தச் சொல்லியிருக்க மாட்டேன்.

உப்புக்காத்து:
ஸ்டெயின்லெஸ் மட்டும் வேண்டாம். பினாங்கு கடல்ல கட்டையும் வலைக்கயிறும் கிடக்கு. அடிச்சா அலுமினியம் மடங்கும், ஸ்டெயின்லெஸ் மடங்காது, கியர் போயிடும்.

இரட்டை_இன்ஜின்:
கியரைக் காப்பாத்தறது பிளேடு இல்ல, உள்ளே இருக்கற ரப்பர் ஹப். அது ரெண்டுலயும் இருக்கு. ஸ்டெயின்லெஸ் மெல்லிசா இருந்தாலும் வளையாது, பாரத்துல பிட்ச் நிக்கும்.

உப்புக்காத்து:
ஹப் ஓரளவுக்குத்தான். பிளேடும் கொஞ்சம் மடங்கினாத்தான் அடி முழுசா ஷாஃப்டுக்குப் போகாது. கரைக்கிட்ட ஓடறவங்களுக்கு அலுமினியம்தான். அந்த விலையில ஒரு ஜோடி ஸ்பேர் வெச்சுக்கலாம்.

இரட்டை_இன்ஜின்:
ஸ்பேர் வெச்சுக்கறதுல எனக்கும் சம்மதம். ஆனா "கியர் போயிடும்"னு அடிச்சுச் சொல்லாதீங்க. ரப்பர் ஹப் பழுதான்னு பார்க்கறது சுலபம்: உள் ஹப், உறை ரெண்டுக்கும் சேர்த்து மார்க்கர்ல ஒரே கோடு போடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பார்த்தா கோடு விலகியிருந்தா வழுக்குது. கட்டையில அடிச்சிருக்காரே, இதையும் பார்க்கணும்.

பத்துமாவுங்_தூண்டில்:
இடது 19. வலது 17. இடது எதிர்ச்சுத்து.

ஸ்பேனர்12:
கிடைச்சிடுச்சு. இடது இன்ஜின் ரெண்டு அங்குலம் கூடுதல் பிட்ச்சை இழுத்துக்கிட்டு இருக்கு, அதான் 300 வித்தியாசம். ஆனா 17 போட்டாலும் உங்க பாரத்துக்குப் பத்தாது, வலதே 5000தான் வருது. மாடலைப் பொறுத்து ஃபுல்ல 5000லேருந்து 6000, புதுசுல 5300லேருந்து 6300. மேனுவல்ல பாருங்க. ஆறு பேரோட மேல்பாதியில நிக்கணும். ரெண்டுக்கும் 13 1/2 × 15, மூணு பிளேடு அலுமினியம், ஒரே கம்பெனி. இடதுக்கு எதிர்ச்சுத்துன்னு கேட்டு வாங்குங்க, பொதுவா நம்பருக்குப் பின்னால "எல்" இருக்கும். நாலு பிளேடு மெதுவா ஓடும்போதும் போட்டைத் தூக்கி நிறுத்தும், பாரத்துக்கு நல்லது. ஆனா அதே பிட்ச்ல இன்னும் ஆர்பிஎம் விழும். இப்போ அது வேண்டாம்.

மாட்டும்போது சாவியை எடுத்துடுங்க, கியர் நியூட்ரல். பிளேடுக்கும் மேல்தட்டுக்கும் நடுவுல மரக்கட்டை வெச்சு நட்டைத் திருகுங்க. பழைய கிப்பாஸ் கழண்டு வந்ததும் உள்ளே இருக்கற பெரிய வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு படம் எடுத்துக்கோங்க, மாட்டாம விட்டா கிப்பாஸ் கியர்பாக்ஸை உரசும். ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் தடவுங்க. பின் ஓட்டை நேராகலன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, தளர்த்தக்கூடாது. பின் புதுசு போடுங்க.

ஐஸ்பெட்டி:
டெஸ்ட் பண்ணும்போது ஆறு பேர் பாரத்தோட பண்ணுங்க. ரெண்டாவது பாலம் பக்கம் நீரோட்டம் இழுக்கும், அதனால போக ஒண்ணு வர ஒண்ணு ஓட்டி சராசரி எடுங்க.

பத்துமாவுங்_தூண்டில்:
அடியைச் சுரண்டி ரெண்டுக்கும் 15 போட்டாச்சு. இடது 5600, வலது 5550. 27 நாட். நல்லா எழும்புது. இடது வாஷருக்குப் பின்னால தூண்டில் நைலான் சுத்தியிருந்துச்சு, வெட்டி எடுத்துட்டேன். நன்றி எல்லாருக்கும்.

ஸ்பேனர்12:
5575 × 15க்கு 32 நாட், நீங்க ஓடறது 27, வழுக்கல் 16. அருமை. ஆனா அந்த நைலான், ஷாஃப்ட்ல தண்ணி இறங்காம தடுக்கற ஆயில் சீலை (seal) வெட்டியிருக்கலாம். கியர் ஆயில் கீழ் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தி ரெண்டு சொட்டு பார்த்தீங்களா? பால் நிறமா இருந்தா தண்ணி இறங்கிடுச்சு, சனிக்கிழமை போகாதீங்க.

ஸ்பேனர்12:
பாஸ், பார்த்தீங்களா?