மறு: அலர்ட் ஃபட்டீக் – சோர்வா, சலிப்பா, மரப்பா?

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்ம கலைச்சொல் பட்டியல்ல "அலர்ட் ஃபட்டீக்"குக்கு நேரா எச்சரிக்கைச் சோர்வுன்னு போட்டு மூடிட்டோம்ல, அதைத் திரும்பத் தொறக்கணும்னு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. ஒரு கட்டுரைக்காக கம்பெனிகள்ல சைபர் பாதுகாப்புக்குத் தலைமைல இருக்கற சிலபேர்கிட்ட (சீஸோன்னு சொல்றாங்களே, அவங்கதான்) பேசிட்டு இருந்தேன். ரேன்சம்வேர் (ஃபைலையெல்லாம் பூட்டிட்டு பணம் கேக்கறது), ஏஐன்னு ஆரம்பிப்பாங்கன்னு பாத்தா சுத்திச்சுத்தி இங்கயேதான் வந்து நின்னாங்க, அலர்ட் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, பாக்க ஆள் இல்ல, இருக்கறவனும் பாத்துப்பாத்து இப்ப பாக்காமலே க்ளோஸ் பண்றான். அதுல ஒருத்தர்கிட்ட நம்ம சொல்லைச் சொன்னேன். சோர்வுன்னா பையன் தூங்கிட்டான்னுதானே படிக்கறவன் நினைப்பான்னு கேட்டாரு. எனக்கு பதில் இல்ல.

ஏன்னா அந்தப் பையன் நானேதான். மூணு வருஷம் ஓஎம்ஆர்ல ஒரு சாக்ல நைட் ஷிஃப்ட், அதாவது வெளிநாட்டு க்ளையன்ட்டோட சிஸ்டத்தை இங்க உக்காந்து ராத்திரி பூரா கண்காணிக்கற வேலை. "வேற நாட்டுலேர்ந்து லாகின்"னு ஒரு ரூல் இருக்கும், சேல்ஸ் ஆளு ஒருத்தன் வேற ஊர்லேர்ந்து வர்ற மாதிரி காட்டற விபிஎன் போட்டா போதும், சிவப்பா ஒரு வரி வந்து விழும். மொதல் மாசம் ஒவ்வொண்ணையும் தொறந்து ஐபி பாத்து, ஆளுக்கு மெயில் போட்டு, கேஸ் எழுதினேன். ஆறாவது மாசம் நோட்பேட்ல "சரிபார்த்தாச்சு, ஃபால்ஸ் பாசிட்டிவ்"னு (ஆபத்து இல்லாததுக்கு அடிச்ச அலர்ட்னு அர்த்தம்) ஒரு வரி ரெடியா வச்சிருந்தேன், நாப்பது டிக்கெட்டை ஒண்ணா டிக் பண்ணி அதை பேஸ்ட் பண்ணி மூடறதுக்கு டீ ஆறுற நேரம்கூட ஆகாது. அப்படி மூடின ஒரு கட்டுக்குள்ள ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (ஆள் இல்லாம மென்பொருளே பயன்படுத்தற கணக்கு) லாகின் நிஜமாவே திருட்டு லாகின். திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. ஃபோன் கால்ல க்ளையன்ட் கேட்ட ஒரே கேள்வி, அலர்ட் வந்திருக்கே, ஏன் பாக்கல? எனக்கு அன்னிக்கு தூக்கம் வரல, சோர்வும் இல்ல, நல்லா முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணு பாத்துச்சு, உள்ள ஏறல. அவ்ளோதான்.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2013 நவம்பர் கடைசில அமெரிக்காவுல டார்கெட் கடைகள்ல 4 கோடி கார்டு விவரம் போச்சே, அதுல கருவி கத்தாம இல்ல. பெங்களூருல இருந்த கண்காணிப்பு டீம் பாத்து மினியாபொலிஸ்ல இருக்கற தலைமை ஆபீஸுக்குச் சொல்லியும் இருக்கு, அங்க அது மத்த அலர்ட்டோட அலர்ட்டா போயிடுச்சு. அடுத்த வருஷமே சிஐஓ (தகவல் தொழில்நுட்பத் தலைவர்) போனாங்க, சிஇஓவும் போனாரு.

அப்ப தேவையில்லாத ரூலை அணைச்சிட்டா என்னன்னு கேக்கலாம். இங்கதான் நான் பேசினவங்க கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாங்க. ரூலை அணைக்கறதுக்கு ஒருத்தர் கையெழுத்து போடணும், நாளைக்கு அதே வழியா எவனாவது உள்ள வந்தா அந்தக் கையெழுத்துதான் மொதல்ல மாட்டும். ஊபர்ல 2016ல திருடு போன தகவலை மறைச்சதுக்கு அங்க பாதுகாப்புத் தலைவரா இருந்த ஜோ சலிவன் 2022ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. 2023 அக்டோபர்ல சோலார்விண்ட்ஸ் சீஸோ டிம் பிரவுன் மேலயே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்கு போட்டுச்சு (2024 ஜூலைல நீதிபதி அதுல பெரும்பகுதிய தள்ளுபடி பண்ணிட்டாரு, ஆனா பயம் தள்ளுபடி ஆகலயே). ரெண்டும் அலர்ட் விஷயமே இல்ல, ஒண்ணு மறைச்சதுக்கு, இன்னொண்ணு வெளில தப்பா சொன்னதா போட்ட வழக்கு, ஆனாலும் மேல இருக்கறவர் கத்துக்கிட்டது, எல்லா ரூலும் ஓடட்டும், பதிவுல இருக்கட்டும். அவர் தன்னைக் காப்பாத்திக்கிற ஒவ்வொரு ரூலும் கீழ ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் தலைல விழுது.

அதனால சோர்வு வேணாம்ங்கறேன். சலிப்பும் ஆளோட மனசுக்குத்தான் போகுது. கேட்டுக்கேட்டு காது மரத்துப்போச்சுன்னு வீட்டுல சொல்றோமே, அதுதான் இது. வெளியிலேர்ந்து ஒண்ணு விடாம பட்டுட்டே இருந்ததாலதான் மரத்துச்சுங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. எச்சரிக்கை மரப்பு. நடுவுல ஒற்று போடணுமா வேணாமாங்கற சண்டையும் மிச்சம்.

———

> கேட்டுக்கேட்டு காது மரத்துப்போச்சுன்னு

தம்பி, இது எங்க ஊட்டு சொல்லு, உங்க துறைக்காரங்க எங்ககிட்டேர்ந்துதான் எடுத்துட்டுப் போனீங்க. நான் ஐசியுல வேலை பாத்தவ. விரல்ல மாட்டின க்ளிப் லேசா நழுவினாலே மானிட்டர் கத்தும், பேஷன்ட் இருமினா கத்தும், வார்டு பையன்கூட போறபோக்குல சைலன்ஸ் பட்டனைத் தட்டிட்டுப் போவான். அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று குடுக்கற ஜாயின்ட் கமிஷன் 2013லயே இதுக்குன்னு தனியா ஒரு எச்சரிக்கை விட்டாங்க, 2009 ஜனவரிலேர்ந்து 2012 ஜூன் வரைக்கும் அவங்களுக்கு வந்த அலாரம் சம்பந்தப்பட்ட 98 சம்பவத்துல 80ல ஆள் போயிட்டாங்க. எச்சரிக்கை மேல ஒரு எச்சரிக்கை, சிரிக்கவா அழவா.

மரப்புக்கு என் ஓட்டு உண்டு. ஆனா சோர்வை முழுசா தூக்காதீங்க, ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல போறப்பவும் காதுல அந்த பீப் கேக்கும் பாருங்க, அது சோர்வுதான்.

———

அண்ணை, எங்கட பக்கம் இதுக்கு அலுப்பு எண்டுதான் வாயில வரும். அலுப்புக் குடுக்காதை எண்டு சொல்லுறனாங்கள், அதில தொல்லை குடுக்கிறவனும் வாறான், களைச்சுப்போறவனும் வாறான். எச்சரிக்கை அலுப்பு எண்டு போட்டா ரெண்டும் சேர்ந்து நிக்கும். மரப்பு விளங்குது, ஆனா கொஞ்சம் ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது.

———

ஒரே ஒரு ஆட்சேபம். "மரப்பு" என்று எழுதினால் பிழைதிருத்தி அதை "மரபு" என்று மாற்றிவிடும், மாற்றாவிட்டாலும் வாசகர் கண் மாற்றிக்கொள்ளும். எச்சரிக்கை மரபு! நம் அலுவலகங்களில் அது வேறு இருக்கிறது. இன்னொன்று, மரத்துப்போனது எச்சரிக்கையா, ஆளா? தொகைச்சொல்லில் அது மறைகிறது. "புலி வருது" கதையை வைத்து ஏதாவது செய்ய முடியாதா?

———

ஐயா, மரபு விஷயத்துல நீங்க சொல்றதுக்கு மறுபேச்சு இல்ல, என் ஃபோனே ரெண்டு தடவை மாத்திடுச்சு. புலி வருது சரிவராதுங்கய்யா, அதுல பையன் வேணும்னே பொய் சொல்றான், இங்க கருவி பொய் சொல்லல, ஆட்டுக்கும் புலிக்கும் ஒரே சத்தத்துல கத்துது.

அயர்லாந்து பொது சுகாதாரத் துறைல 2021ல நடந்ததையே எடுங்க. மார்ச் 18ல ஒருத்தர் மெயில்ல வந்த எக்செல் ஃபைலைத் தொறக்கறாரு. 31ஆம் தேதியே அந்த கம்ப்யூட்டர்ல ஆன்ட்டிவைரஸ் கண்டுபிடிச்சிருச்சு, ஆனா பாத்துட்டு சும்மா இருக்கற மோட்ல வச்சிருந்ததால தடுக்கல. மே 13ல ஆன்ட்டிவைரஸ் கம்பெனிக்காரங்க, 7ஆம் தேதிலேர்ந்து குறைஞ்சது 16 சிஸ்டத்துல கவனிக்காத அச்சுறுத்தல் இருக்குன்னு மெயிலே போடறாங்க. அதுக்கு துறையோட பாதுகாப்பு டீம்லேர்ந்து போன உத்தரவு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. மறுநாள் விடியக்காலைல கான்ட்டி ரேன்சம்வேர் எல்லாத்தையும் பூட்டிருச்சு, நாடு பூரா ஆஸ்பத்திரிங்க பேப்பர் பேனாவுக்குத் திரும்பிட்டாங்க. அப்புறம் வந்த விசாரணை அறிக்கைல, சைபர் பாதுகாப்புக்குன்னு பொறுப்பான ஒரு தலைவரே அங்க இல்லன்னு எழுதியிருந்தாங்க. இங்க யாரு சோர்ந்தா? யாருக்கு அலுப்பு? தொட்டா உணர்ச்சியே இல்ல, அதான் எனக்கு மரப்பை விட மனசு வரல.

அலுப்பு நல்ல சொல்லு, பேச்சுல நான் எடுத்துக்கறேன், ஆனா தமிழ்நாட்டுல உடம்பு அலுப்புன்னா தைலம் தேய்ச்சா போயிரும்னுதான் நினைப்பாங்க.

அதனால இப்படி வச்சுக்கலாமா, தலைப்புச் சொல்லா "எச்சரிக்கை மரப்பு", வாக்கியத்துல வந்தா "எச்சரிக்கைக்கு மரத்துப்போதல்", அந்த -க்கு இருந்தா மரத்தது ஆளுதான்னு தெரிஞ்சுரும். அக்கா சொன்ன சோர்வை பர்ன்அவுட்டுக்கு (வேலை பாத்துப்பாத்து ஓஞ்சுபோறது) தள்ளி வைப்போம், அதுக்கு இன்னும் எதுவும் போடல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் மறுக்கலன்னா பட்டியல்ல மாத்திடறேன்.

அடுத்தது ட்யூனிங். ரூலை அணைக்காம, தேவைக்கு ஏத்த மாதிரி அளவைத் திருகி வைக்கறது. சுருதி சேர்த்தல்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க.